சொந்தக் காரணம் என்று சொல்லாதே

ராஜா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற அம்மாவை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை. ஆனால் வேறு வழி என்ன இருக்கிறது? காலையில் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேலைக்கு அத்திபெலே பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறாய். நான் காபியை ஆற்றி முடிப்பதற்குள் நீ ஷூ மாட்டிவிடுகிறாய். சாயங்காலம் வந்ததும் காதில் அந்த வெள்ளைப் பொத்தான்களைச் செருகிக்கொண்டு லேப்டாப்புக்குள் போய்விடுகிறாய். பேச்சை எடுத்தால் "அப்புறம்மா" என்கிறாய். உன்னுடைய அப்புறம் எப்போது வரும் என்று காத்திருந்தால் வியாழக்கிழமை வந்துவிடும். அதனால்தான் நான் வேலை பார்க்கிற இந்த அபார்ட்மென்ட் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் இங்கே புகார் சொல்ல யாரும் வரமாட்டார்கள், எல்லோரும் சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். பெரிய கடிதமாகத்தான் இருக்கும். உன் ரெஸ்யூமே மாதிரி ஒரே பக்கத்தில் முடிக்க எனக்கு வராது. இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை, முக்கியமாக உன் மாமா படிக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை உனக்கு இன்டர்வியூ. அதற்காக நேற்று உன் ரெஸ்யூமேயை எனக்கு அனுப்பி, ஆபீஸில் ஒரு பிரிண்ட் எடுத்து வரச் சொன்னாய். எடுத்தேன், படித்தும் பார்த்தேன். படிக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. எல்லாம் அழகாக இருக்கிறது. நீ முன்பு வேலை பார்த்த இரண்டு கம்பெனியிலும் நீ செய்ததெல்லாம் நிமிர்ந்து நிற்கிற இங்கிலீஷில் வரிசையாக இருக்கிறது. நடுவில் ஒரு வருஷம் மட்டும் ஒரே ஒரு வரி. கேரியர் பிரேக், பர்சனல் ரீசன்ஸ். வேலையில் இடைவெளி, சொந்தக் காரணம். அவ்வளவுதான். பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது அது. போன மாதம் வந்த இன்டர்வியூ அந்த வரியில்தான் கவிழ்ந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியும் அதே வரியை அப்படியே வைத்திருக்கிறாய். வியாழக்கிழமைக்குள் அந்த வரி போக வேண்டும். ஏன் போக வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம்.

முதலில் என் கதையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அதே சமயத்தில்தான் பிரேசர் டவுனில் நான் வேலை பார்த்த பேக்கரியை மூடினார்கள். ஓனரம்மா வயதாகிவிட்டது என்று கட்டடத்தை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு மனிதர், கையில் வேலை இல்லாமல் நான், லீவு மேல் லீவு போட்டுக்கொண்டு நீ. கம்பெனியில் இனி லீவு இல்லை என்று சொன்ன அன்றைக்கு நீ வேலையை விட்டாய். "அப்பாவ தூக்கி உக்கார வெக்க உன்னால முடியாதும்மா. நான் வீட்ல இருக்கேன். நீ வேலைக்குப் போ" என்றாய். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போலீஸ்காரர் மாதிரி என்னை விசாரிக்க ஆரம்பித்தாய்.

பேக்கரியில் நீ என்ன செய்தாய் என்று கேட்டாய். "சும்மா போன் எடுப்பேன்டா. ஆர்டர் எழுதிக்குவேன். வேற இன்னா?" என்றேன். நம் சபையில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வராது. அறுப்பின் பண்டிகைக்கு மொத்தச் சபைக்கும் சமைத்து இறக்கிவிட்டு, யாராவது பாராட்டினால், ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் ஆண்டவர் கிருபை என்று சொல்லிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிற கூட்டம் நாங்கள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் நீ கேட்டாய், "அப்போ அந்த பிரியாணி தானா வெந்துச்சாம்மா?" என்று. பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாய். கிறிஸ்துமஸ் சமயத்தில் யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்று யார் முடிவு செய்வது? நான்தான். பழங்களை எப்போது ஊறப்போட வேண்டும் என்று யார் சொல்வது? நான்தான். கேக் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் யார் பேசுவது? ஓனரம்மா பின்கட்டுக்குப் போய்விடுவார், நான்தான் பேசுவேன். புதிதாக வந்த பெண்களுக்கு யார் வேலை பழக்கியது? நான்தான். "இத்தன நான்தான் இருக்கு. அப்பறம் சும்மா போன் எடுப்பேன்னு சொல்ற" என்று சொல்லிக்கொண்டே நீ தட்டினாய்.

தட்டி முடித்து நீ படித்துக் காட்டியபோது, யாரடா இந்தப் பொம்பளை, நம் வீட்டுக்கு எப்போது வந்தாள் என்று கேட்டேன். லெட், அதாவது முன்நின்று நடத்தினாள், என்று இருந்தது, மேனேஜ்டு என்று இருந்தது, டிரெயின்டு என்று இருந்தது. எஸ்கலேஷன்களை, அதாவது முற்றிப்போன புகார்களை, தீர்த்து வைத்தாளாம். ஒவ்வொரு வார்த்தையும் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டேன், நீயும் பொறுமையாகச் சொன்னாய். பாஷனேட் என்று ஒன்று போட்டிருந்தாய். அதற்கு என்ன அர்த்தம் என்றால், உனக்கு ஆர்வம் உள்ளே பொங்கிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்குள்ளே ஒன்றும் பொங்கவில்லை, அடுப்பில் பால்தான் பொங்குகிறது, அதை எடு என்றேன். ஸ்பியர்ஹெட்டட் என்று இன்னொன்று இருந்தது. ஈட்டி தூக்கிக்கொண்டு போகிற வேலை எதுவும் நான் பார்த்ததில்லை என்று அதையும் எடுக்கச் சொன்னேன். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் யோசித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் உண்மையாக இருந்தது. நான் அதை அந்த பாஷையில் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த இன்டர்வியூவுக்கு நான் போன கதையை நீ பாதிதான் கேட்டிருக்கிறாய். மீதியை வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. இந்த அபார்ட்மென்ட்டின் சங்கச் செக்ரட்டரி, பெரியவர், உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெயின்டனன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண், மைசூர்ப் பக்கத்துப் பெண், உன் வயதுதான் இருக்கும். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அப்பா பெயரிலிருந்து ஆரம்பித்தேன். பூர்வீகம் ஆம்பூர்ப் பக்கம், தாத்தா கன்டோன்மென்ட்டில் வேலைக்கு வந்தவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சபை, வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், ஒரே பையன், நல்ல பையன். பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறேன். அந்தப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டு பார்க்கிறாள். செக்ரட்டரி என்னை நிறுத்தியிருக்கலாம். அவர் போய், உங்கள் தம்பி என்ன செய்கிறார் என்று கேட்கிறார். உன் மாமா கதையையும் சொல்லிவிட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, இவர்கள் சம்பந்தம் பேச வரவில்லை என்று. காது மடல் இரண்டும் சுட்டது.

நல்லவேளை, அந்தப் பெண் நீ எழுதின காகிதத்தைப் பார்த்தாள். எஸ்கலேஷன் என்று போட்டிருக்கிறீர்களே, ஒன்று சொல்லுங்கள் என்றாள். நான் அந்த இரண்டு கல்யாணக் கேக் கதையைச் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு ரிசெப்ஷன், இரண்டு மூன்றடுக்குக் கேக், ஒரே வேன். டிரைவர் மாற்றி இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஒரு ஹாலில் பெண்ணின் அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தால் கேக்கின் மேல் வேறு யாரோ மாப்பிள்ளையின் பெயர். போனில் அழுகிறாள். இன்னொரு ஹாலில் கத்தியில் ரிப்பன் கட்டித் தயாராக நிற்கிறார்கள். நான் அந்த ஹாலுக்குப் போன் போட்டு, மைக் பிடித்திருந்தவரைக் கூப்பிட்டு, மணமக்களை வாழ்த்தி டோஸ்ட் சொல்ல இருக்கிற பெரியப்பாவிடம் கொஞ்சம் அதிகமாகப் பேசச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பெரியப்பாவுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் மாப்பிள்ளை பால்வாடிக்குப் போன நாளிலிருந்து ஆரம்பித்து, வேன் வந்து கேக் மாறுகிற வரைக்கும் நிறுத்தவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் கேக் சரியாகப் போய்ச் சேர்ந்தது. செக்ரட்டரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அவர் வீட்டிலும் அப்படி ஒரு பெரியப்பா இருக்கிறாராம். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "எஸ்கலேஷன் அந்த்ரெ இதே மேடம்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் காகிதத்தில் டிக் போட்டாள். இதற்குப் பெயர்தான் அது என்கிறாள். இத்தனை வருஷம் அதைச் செய்துகொண்டிருந்தவளுக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது.

வேலை கிடைத்தது. இப்போது ஹவுஸ்கீப்பிங்குக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஆள் எடுக்கும்போது என்னையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். வருகிற காகிதம் எல்லாவற்றிலும் ஹார்டு ஒர்க்கிங் என்று இருக்கிறது. அப்படி எழுதிக்கொண்டு வந்தவர்களிடம், போன மாதம் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் மேலே ஃபேனைப் பார்க்கிறார்கள். சிலர் மட்டும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள், இன்ன இடத்தில் மோட்டார் எரிந்தது, இப்படிச் செய்தேன் என்று. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கருத்து வந்திருக்கிறது. நீ சிரித்தாலும் பரவாயில்லை, சொல்கிறேன். இங்கிலீஷில் பெரிய வார்த்தை போடுவது தப்பே இல்லை. கூச்சப்பட்டுக்கொண்டு சின்ன வார்த்தை போடுகிறவர்களை யாரும் இந்த ஊரில் தேடி வந்து கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த வார்த்தையைத் தொட்டு ஒருவர் கேள்வி கேட்டால், வீட்டில் பேசுகிற தமிழில் அதற்கு ஒரு கதை உன்னிடம் இருக்க வேண்டும். கதை இருந்தால் எவ்வளவு பெரிய வார்த்தை வேண்டுமானாலும் போடு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். உனக்கு வரும்போது மட்டும் மறந்துவிட்டாய்.

இப்போது அந்த ஒரு வருஷத்துக்கு வருகிறேன். நீ அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்பதால் நானே சொல்கிறேன். அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். ஆப்பிள், சாவி, கோப்பை. நல்ல பெண்மணி, அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா அட்டையைப் பார்ப்பார், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். வாழ்நாள் முழுக்கக் கத்தியே பிழைத்த மனிதரிடம் போய் ஆப்பிள் சொல்லு என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? உன்னோடு சேர்ந்து நானும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. ஒரு சத்தமும் வராது. கண்ணில் மட்டும் தண்ணீர் வரும். நீ துடைத்துவிட்டு, "பர்வால்லப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்பாய்.

அப்புறம் அந்த மழை நாள் வந்தது. பிசியோதெரபிக்குப் போக ஆட்டோ கிடைக்கவில்லை, நீ அவரைத் தாங்கிப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றினாய். சிவாஜி நகரிலிருந்து கம்மனஹள்ளி போகிற பஸ், அப்பா எத்தனையோ வருஷம் டிக்கெட் கிழித்த ரூட். முதல் ஸ்டாப்பில் கண்டக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே உன் பக்கத்து சீட்டிலிருந்து, "கோல்ஸ் பார்க்" என்று ஒரு குரல் வந்ததாம். குழறல்தான், ஆனால் கோல்ஸ் பார்க். நீ எனக்குப் போன் செய்து, பேச முடியாமல் மூச்சு வாங்கினாய். ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்தே போனேன். "அம்மா, ஸ்டாப் பேர சொன்னாரும்மா" என்று நீ சொன்னதும், இந்த ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். பக்கத்தில் டெலிவரிக்காரர் ஒருவர் பார்சலோடு நின்றுகொண்டிருந்தார், பாவம்.

அன்றிலிருந்து நீ என்ன செய்தாய்? கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அப்பாவை அதே பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனாய். மெதுவாக ஒவ்வொரு ஸ்டாப்பும் திரும்பி வந்தது. பிரேசர் டவுன், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம். பிறகு, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற அந்த "ஹோல்டான்" வந்தது. அது வந்த நாளிலிருந்து வீட்டில் நான் குறுக்கே நடந்தாலும் எனக்கு ஹோல்டான்தான். ஸ்டாப் பெயரோடு நீ விட்டுவிடவில்லை. காக்ஸ் டவுனில் என்ன இருக்கிறதுப்பா என்று கேட்பாய். மார்க்கெட் என்பார். மார்க்கெட்டில் என்ன வாங்கலாம் என்பாய். மீன் என்பார். என்ன மீன்? இப்படியே ஸ்டாப்பிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வீட்டுக்கு, அவரை வார்த்தை வார்த்தையாகக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தாய். அட்டை காட்டின அம்மாவே, இதையே விடாமல் செய்யுங்கள் என்று சொல்லி, எப்படி அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தார். மருந்து நேரம், டாக்டர் நாள், பிசியோ, குளிப்பாட்டுவது, சவரம், எல்லாம் நீதான். நான் நிம்மதியாக இங்கே வந்து உட்கார்ந்து லிஃப்ட் ரிப்பேருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்றால், நீ அங்கே இருந்ததால்தான்.

இதைத்தான் நீ பர்சனல் ரீசன்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறாய்.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் மாமா ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால், "ஆம்பளப் புள்ள வேலய விட்டுட்டு வீட்ல ஒக்காந்து அப்பாவ குளிப்பாட்டறான்னு வெளிய சொல்லிக்காத. எதுனா கோர்ஸ் பண்ணேன்னு சொல்லு" என்றான். நீ தலையைக் குனிந்துகொண்டு பிரியாணியைப் பிசைந்தாய். அவனுக்கு அங்கேயே பதில் சொல்லாமல் விட்டது பந்தியில் சண்டை வேண்டாம் என்றுதான், இப்போது இங்கே சொல்லிக்கொள்கிறேன். நீ பொய்யாகக் கோர்ஸ் என்றும் எழுதவில்லை, உண்மையையும் எழுதவில்லை. நடுவில் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டாய். அதையே ஒரு பெண் செய்திருந்தால் ஊரே மெச்சும், ஆண் செய்தால் வேலை கிடைக்காதவன் என்று நினைப்பார்கள் என்று உனக்குப் பயம். உன் பயத்தை நான் கேலி செய்யவில்லை. அப்படி நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் போன மாதம் அந்தச் சனிக்கிழமை நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ முன்னறையில் சட்டை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாய், கதவைச் சாத்தினாய். விசில் சத்தம் கேட்கக் கூடாதே என்று நான் குக்கரை இறக்கி வைத்துவிட்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். அப்பாவிடம் யாரும் பேசாதே என்று சொல்லவில்லை. அவராகவே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வேண்டியிருந்தது அவருக்கு. ஒரு வருஷம் பாடுபட்டுத் தண்ணீர் என்று சொல்லப் பழகின மனிதர், இடது கையைத் தூக்கிப் பானையைக் காட்டினார். விழுந்த புதிதில் காட்டுவாரே, அதே மாதிரி. அவர் குழறல் உன் இன்டர்வியூவில் கேட்டுவிடக் கூடாதாம். நான் ஊற்றிக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் கதவுக்கு அந்தப் பக்கம் நீ பேசுவதும் லேப்டாப்பில் அவர்கள் பேசுவதும் நன்றாகக் கேட்டது. இந்த ஒரு வருஷம் என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பர்சனல் ரீசன்ஸ் என்றாய். உடம்பு சரியில்லையா, வெளிநாடு போக முயற்சி செய்தீர்களா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நீ திரும்பத் திரும்ப அதையே சொன்னாய், ஒவ்வொரு தடவையும் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் அவர்கள் நன்றி சொல்லிவிட்டார்கள். நீ சாப்பிடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய்.

நீ போன பிறகும் அப்பா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்டக்டராக இருந்தவர், நாலு பாஷை கேட்டுப் பழகின காது அது. அந்த இரண்டு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் இருக்குமா? நான் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். அவர் சோற்றை வாங்காமல், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து இழுத்து என்னைக் கேட்டார்.

"அவன் சொன்ன... ரீசன்... நான்தானா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? சாப்பிடுங்க, ஆறிப்போகுது என்றேன். அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிட்டதை நீ கவனித்தாயா? ஹோல்டான் கேட்டு எத்தனை நாள் ஆகிறது? டாக்டரிடம் காட்டலாமா என்று நீ கேட்டாயே, டாக்டரிடம் காட்டுகிற விஷயம் இல்லை இது. நீ ஒரு கெட்டதும் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உன்னைப் பற்றி அவர்கள் மட்டமாக நினைக்கக் கூடாது என்றுதான் மறைத்தாய். ஆனால் மறைத்து வைக்க வேண்டிய பொருளாகத் தன்னை அந்த மனிதர் நினைத்துக்கொண்டுவிட்டார். வேலை இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு வரும். இதை இப்படியே விட்டால் நீ திரும்பக் கொண்டுவந்த பேச்சு அவருக்குள்ளேயே அடங்கிப்போகும். எனக்கு அந்தப் பயம்தான்.

அதனால் நான் ஒன்று எழுதியிருக்கிறேன். எனக்கு நீ எழுதிக் கொடுத்தாய், உனக்கு நான் எழுதிக் கொடுக்கிறேன். தமிழில்தான் வரும். ‘ஒரு வருஷம் முழு நேரமும் என் தகப்பனாரைக் கவனித்துக்கொண்டேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்திருந்த அவருக்கு, அவர் வேலை பார்த்த பஸ் ரூட்டையே பாடமாக வைத்துப் பேச்சுப் பழக்கினேன். அவருடைய சிகிச்சை முழுவதையும் முன்நின்று நடத்தினேன். இப்போது அவர் பேசுகிறார்.’ இதை உன்னுடைய நல்ல பலமான இங்கிலீஷில் போடு. எனக்கு லெட் போட்டாயே, உனக்கும் போட்டுக்கொள். டிசைன்டு என்று போடுவாயோ, டெவலப்டு என்று போடுவாயோ, அது உன் பாடு. ஈட்டி வார்த்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள், இந்த ஒரு இடத்தில் நான் ஆட்சேபிக்க மாட்டேன். டாக்டர் செய்ததை மட்டும் நீ செய்ததாகப் போடாதே, குணப்படுத்தினேன் என்றும் போடாதே. வலது கை இன்னும் வரவில்லை. ஆண்டவர் கிருபையை என்னிடம் விட்டுவிடு, அதை நான் ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்லிக்கொள்கிறேன். ரெஸ்யூமேயில் நீ செய்ததை எழுது.

இப்படி எழுதினால் உடனே வேலை கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு விவரம் இல்லாதவள் இல்லை உன் அம்மா. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் உன் மாமா மாதிரி ஆளாக இருந்தால் மூஞ்சியைச் சுளிக்கலாம். சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும், அத்திபெலே டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் உன்னை ஒன்றும் துரத்தவில்லை, எனக்கும் வேலை இருக்கிறது. வேறு மாதிரி ஆளாக இருந்தால் அடுத்த கேள்வி கேட்பார். அப்போது மழையில் பஸ் ஏறினதிலிருந்து சொல். உனக்கு அதைச் சொல்லி முடிக்கிறவரை குரல் சின்னதாகாது, பார்த்துக்கொள்.

வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே சமைத்து இறக்கிவிடுவேன். நீல சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன், அதையே போடு. இன்டர்வியூவுக்கு உட்காரும்போது இந்தத் தடவை கதவைச் சாத்தாதே. அப்பாவை உள்ளறையில் நாற்காலியில் உட்கார வைத்திருப்பேன். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் வாயைத் திறந்து கேட்கட்டும். அந்த ஒரு வருஷம் என்ன செய்தாய் என்று அவர்கள் கேட்டதும், சொல்லு கண்ணா, கொஞ்சம் சத்தமாகவே சொல்லு. கம்ப்யூட்டரில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்டால் போதாது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கும் கேட்க வேண்டும்.

உன் அம்மா